முட்டி மடங்காத ஏழுமலையும் மற்றவர்களும்

மூட்டுவலிக்காரர்களோடு வேலை பார்க்கிறவனுக்கு முதல் விரோதி வலி அல்ல, தைலம். நான் வாயைத் திறப்பதற்குள் வந்தவர் நாலு தைலத்தின் பெயரைச் சொல்லி, எதை எந்த வேளைக்குத் தேய்க்கலாம் என்று எனக்கே வைத்தியம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்த நிமிஷம் முட்டியை நீவிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாக நீவுங்கள். எனக்கும் இப்போது அதே கதைதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசனை, எழுந்தால் உட்கார யோசனை. ஆகவே கூச்சப்படாமல் பேசலாம்.

யுத்தம் முடிந்து நான் ஊர் திரும்பின புதிது. வடக்கே ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்தேன். விரல் விறைத்துப்போன சிப்பாய்களைக் கூடை பின்ன வைத்து, மரம் இழைக்க வைத்து, மறுபடி வேலைக்குப் பழக்கினாள் அங்கே ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். அவளுக்கு எடுபிடியாக இருந்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆக்குபேஷனல் தெரபி என்று அதற்குப் பெயர். திருத்தணியில் ரயிலடிப் பக்கம் இருந்த எங்கள் மிஷன் டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னதும், பின்னால் விறகு போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டார். "நான் குடுக்கிற மாத்திரை அவங்களைத் தூங்க வைக்குது தேவசகாயம். விடிஞ்சா வேலைக்குப் போகணுமே, அதுக்கு நீ ஏதாவது பண்ணு" என்றார். அந்தக் கொட்டகையில் இருந்த வருஷங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறே கிடையாது.

ஊசி போடாத டாக்டர்

முதலில் வந்தவள் பட்டம்மாள். மலையடிவாரத்தில் ஒரு ஓட்டலில் காய் நறுக்குகிறவள். விரல் கணுவெல்லாம் புடைத்து, கத்தியை இறுகப் பிடிக்க முடியவில்லை. பூசணிக்காயை வெட்டப் போனால் கத்தி ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். ஓட்டல்காரர் வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன். கைப்பிடி சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒல்லியான பிடியை நோகும் விரல் எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய வேட்டியைக் கிழித்து, கைப்பிடியின் மேல் வரிந்து சுற்றி, ஒரு கத்திரிக்காய் கனத்துக்குக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தேன்.

பட்டம்மாள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். காற்றில் நாலு முறை வெட்டினாள். வலிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பாராட்ட மனசு வரவில்லை. வெளியே காத்திருந்தவர்களிடம் போய் அவள் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது: "ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. கத்திக்கு சட்ட தச்சுக் குடுக்கறாரு. இவுரு இன்னா டாக்டரா, டைலரா?"

குளத்தங்கரைக்காரர்

சித்திரை மாத வெயிலில் ஒருநாள் ஏழுமலை வந்தார். சரவணப் பொய்கைக் கரையில் மொட்டை அடிக்கிறவர். ஐம்பதைத் தாண்டின ஆள். வாசலிலேயே நின்றுகொண்டு, தனக்கு ஒன்றும் இல்லை, சும்மா இப்படிப் போகும்போது எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கட்டி கீறுவதற்கும் சுளுக்கு எடுப்பதற்கும் ஊரே அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். வைத்தியன் இன்னொருவனிடம் வைத்தியத்துக்கு வருவது என்றால் சும்மாவா? தான் காய்ச்சின தைலத்தில் ஒரு குப்பி எனக்குக் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது அவர் விரல் கணுக்கள் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் உள்ளே வந்தார்.

உட்காரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் விழுந்தார். குந்தி உட்கார முடியவில்லை. மொட்டை அடிக்கிறவருக்கு அது பெரிய இடி. சாமிக்கு முடி கொடுக்க வருகிறவர் கரையில் தரையில் உட்காருவார், எதிரே இவர் குந்தி உட்கார்ந்து சிரைக்க வேண்டும். குளத்தங்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம். ஏழுமலையின் இடம் அவர் அப்பா உட்கார்ந்த இடம், அதற்கு முன் தாத்தா. முறை பிரித்துக் கொடுக்கும் பெரியவர் துரைசாமி ஒரு கெடு வைத்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குள் பழையபடி வேலை செய்யாவிட்டால் அந்த இடத்தில் ஏழுமலையின் மச்சான் உட்காருவான். முட்டியைத் தொட்டுப் பார்த்து, இது முழுக்கக் குணமாகிற சமாசாரம் இல்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன். ஏழுமலை முட்டியிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். "அப்போ ஒண்ணு பண்ணுங்க சார். என் எடத்துல இன்னொருத்தன் உக்காந்துகினு இருக்கறத நான் பாக்கக் கூடாது. கண்ணு அவிஞ்சு போறதுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தா இப்பவே குடுத்துடுங்க."

பேசினால் திரும்பும் மாடு

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களைப் பார்க்க வாரம் ஒரு தரம் நான் போவேன். செங்கல்ராயன் வண்டிதான். கனகம்மாசத்திரத்து ஆள், ரயிலடியில் வண்டி கட்டி நிற்பவன். அவனுக்கும் கை விரல் கோணல். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தால் நழுவுகிறது என்று புலம்பினான். விரலால் பிடிக்காமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு கயிற்று நுனியிலும் தோலால் ஒவ்வொரு வளையம் தைத்துக் கொடுத்தேன். அருமையாக வேலை செய்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. செங்கல்ராயனுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. மச்சினி கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்து வலது கையை ஓங்கினான். மாடு வலது பக்கம் திரும்பியது. சமாதானம் ஆன கட்டத்தில் இடது கையை விரித்தான். மாடு இடது பக்கம் போனது. கதை முடிந்தபோது வண்டி ஒரு கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவில் நின்றது. கொல்லைக்காரர் தடியோடு ஓடி வருகிறார். "இனிமேல் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு" என்று கத்தினேன். செங்கல்ராயனுக்கு ரொம்ப மனவருத்தம். "கை வலிய நிறுத்துனீங்க, சரி. வாயயும் நிறுத்துன்னா, அப்புறம் மனுசன் இன்னாத்துக்கு சார் வண்டி ஓட்டறது?"

கைக்கு வார்த்த கஞ்சி

பொதட்டூர்பேட்டையில் கன்னியம்மா தார் சுற்றுகிறவள். கணவன் தறியில் இருக்க, அவனுக்கு வேண்டிய நூலை ராட்டையில் சுற்றிக் கொடுப்பது இவள் வேலை. காலையில் எழுந்தால் கை விரல்கள் விறைத்துக்கொண்டு உச்சிப்பொழுது வரைக்கும் ராட்டையைச் சுற்ற முடியாது. நூல் வராமல் தறி சும்மா கிடக்கும். கணவன் அவளுக்கு அத்தை மகன்தான், ஆனாலும் பேச்சு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டிருந்தது. காலையில் வேலை தொடங்குமுன் இளஞ்சூட்டு வெந்நீரில் கையை வைக்கச் சொன்னேன். விறகு விற்கிற விலையில் கைக்கு வெந்நீரா என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் தெரு நெடுக நெசவு நூலை விரித்துப் பாவு நீட்டி அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் விறைப்பாக நிற்பதற்காகக் காய்ச்சின கஞ்சி, பானையில் வெதுவெதுவென்று இருந்தது. "எப்படியும் காய்ச்சுகிறீர்கள், பாவுக்குப் போடும் முன் இவள் அதில் கையை வைத்து எடுக்கட்டும்" என்றேன். கன்னியம்மா கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே எடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டி, "பாவா, மடங்குது பாரு!" என்று கணவனைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாவு போடாத நாளில் என்ன செய்வது என்று கேட்டாள். வீட்டில் சோறு வடித்த கஞ்சி இருக்குமே என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ரேஷன் அரிசிக் காலம் அது. உள்ளே இருந்து அவள் மாமியார் குரல் வந்தது: "வாய்க்குக் கஞ்சி இல்லாம நாங்க தவிச்சுகினு கீறோம், கைக்குக் கஞ்சி வாக்கச் சொல்றாரே. எந்த சீமை தொரை இவுரு?"

என் தலை

கன்னியம்மா சந்தோஷத்தில் ஒரு கூடைக் கழிவு நூல் கொடுத்தனுப்பினாள். அதைக் கொண்டு ஏழுமலையின் கத்திக்குப் பிடி சுற்றினேன். ஈரத் தலையில் வேலை செய்கிற கத்தி, வழுக்கக் கூடாது. அதற்காக நூலில் மெழுகு தேய்த்து, சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றி, ஆனி பிறப்பதற்குள் ஏழுமலை கைக்கு அடக்கமாக ஒரு பிடி வந்தது. சோதித்துப் பார்க்கத் தலை வேண்டுமே? டிஸ்பென்சரித் தோட்டக்காரரிடம் கேட்டேன். அவர் அன்று முழுக்கக் கண்ணில் படவே இல்லை. சரி, என் தலை இருக்கவே இருக்கிறது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏழுமலை கோணிப்பையைச் சுருட்டித் தொடைக்கு அடியில் அண்டக் கொடுத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு எதிரே குந்தினார். கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. ஒரு கீறல் இல்லை. "கை வந்துடுச்சு சார், கை வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சிரைத்தார். முடித்துவிட்டு எழுந்திருக்கத்தான் முடியவில்லை. டாக்டரம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கினோம்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொட்டை ஆச்சு. காவடி எப்போ?" என்றாள். அவளாவது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் நான் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்க, ஜெபத்துக்குத் தலைப்பாகையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சபை முழுக்க என் தலையைப் பார்த்துத்தான் ஜெபம் பண்ணியது. திருத்தணியில் ஒருவன் மொட்டை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? எல்லோரும் போன பிறகு பாஸ்டர் ஐயா என்னைத் தனியாக அழைத்தார். கத்தி, நூல், மெழுகு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "நான் நம்புறேன் தேவசகாயம். ஆனா முடி வளர்ற வரைக்கும் மலைப்பக்கம் போயிடாதே, வேற யாரும் நம்ப மாட்டாங்க."

முக்காலி

கை சரியாயிற்று, முட்டிக்கு என்ன செய்வது? குந்த முடியாதவருக்கு உட்கார ஒன்று கொடுத்தால் போயிற்று என்று ஒரு சாண் உயரத்தில் முக்காலி செய்து வாங்கினேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஆனி மாதக் கிருத்திகையன்று அதைத் தூக்கிக்கொண்டு, பாஸ்டர் ஐயா சொன்னதையும் மீறி, ஏழுமலையோடு குளத்தங்கரைக்குப் போனேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். ஒருவர் வந்து எதிரே தரையில் உட்கார்ந்து தலை குனிந்தார். தண்ணீர் தெளிக்கும்போது நிமிர்ந்து பார்த்தார். ஏழுமலையின் தோள் அவர் தலைக்குச் சமமாக இருந்தது.

"சாமிக்கு முடி குடுக்க வந்தனா, உன் காலடியில உக்கார வந்தனா?" என்று அவர் எழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் கூடினார்கள். ஒருவன் காலால் ஒரு எத்து விட்டான். முக்காலி குளத்தில் விழுந்து, மிதந்து, நிதானமாக நடுக்குளத்துக்குப் போயிற்று. யார் எந்த உயரத்தில் உட்காரலாம் என்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கிற கணக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சொல்லித் தரப்படவில்லை. உட்கார்ந்த முக்காலி போனதில் கீழே விழுந்த ஏழுமலை ஒரு கையைத் தரையில் ஊன்றிக் கிடந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். துரைசாமிப் பெரியவர்தான் வந்து நின்றார். "சார், நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. ஆனா ஆடிக் கிருத்திகைக்கு மொத தலை வரும்போது இவன் வேல செய்யறானான்னு பாப்பேன். செய்யலன்னா கத்தி அடப்பத்த மூடிகினு போயிட வேண்டியதுதான்."

ஆடிக் கிருத்திகை

அன்றைக்கு இருந்த கூட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் காவடி, மஞ்சள் வேட்டி, அரோகரா. ஏழுமலை விடியுமுன்பே தன் இடத்துக்கு வந்துவிட்டார். மச்சான் பத்தடி தள்ளி, கத்தி வைக்கும் அடப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தயாராக நின்றான். துரைசாமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை குந்தப் பார்த்தார். பாதி இறங்கினார், முகம் வெளுத்துவிட்டது. முடியாமல் குளத்துப் படியிலேயே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னால் செய்யக்கூடியது ஒன்றும் பாக்கி இல்லை.

முதல் தலை வந்தது. நகரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர். கூடவே குடும்பம், உறவு என்று ஒரு பட்டாளம். மீசை காது வரைக்கும் இருந்தது. ஏழுமலை படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவருக்கு எதிரே உட்கார வேண்டுமென்றால் அடுத்த கீழ்ப்படிதான். மீசை துடித்தது. "ஏமய்யா, நீ மேல, நான் கீழயா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுவிடுவென்று மேலே ஏறினார். ஏழுமலைக்கும் மேலே நாலைந்து படி தாண்டி, ராஜா மாதிரி உட்கார்ந்து, "இப்போ வந்து செய்யி!" என்றார்.

ஏழுமலை தட்டுத் தடுமாறி எழுந்தார். மேலே ஏறி, அந்த மனிதருக்குக் கீழே ஓரிரு படியில் போய் நின்றார். பெரிய மனிதர் தலை குனிந்தார். அந்தத் தலை ஏழுமலையின் நெஞ்சுக்கு நேராக வந்தது. குந்த வேண்டாம், முட்டியை மடக்க வேண்டாம், குனியக்கூட வேண்டாம். ஏழுமலை தண்ணீரைத் தொட்டுத் தலையில் தடவி, கத்தியை எடுத்தார். மூன்று மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட காரியத்தை ஒரு மீசை செய்து முடித்துவிட்டது. பெரிய மனிதர் தலையைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகக் குளத்தில் இறங்கினார். அவர் பட்டாளம் மொத்தமும் அதே மேல்படியில்தான் உட்காருவோம் என்று வரிசையில் நின்றது. அதைப் பார்த்த மற்ற பக்தர்கள் சும்மா இருப்பார்களா? அவருக்கு மட்டும் மேல்படியா என்று ஆளாளுக்கு ஏற ஆரம்பித்தார்கள். உச்சிப்பொழுதில் கரையோரம் படி இருந்த பக்கமெல்லாம் மொட்டை அடிக்கிறவர்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். நல்ல முட்டியுள்ள மச்சான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று காலை உதறிக்கொண்டிருந்தான். துரைசாமிப் பெரியவர் தானும் இரண்டு தலைகளை நின்றபடி சிரைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பை நிமிர்த்தி, ஏழுமலையைத் தாண்டிப் போகும்போது அவர் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். கெடு போயிற்று.

பொழுது சாய்ந்து கூட்டம் குறைந்த பிறகு நான் கிட்டே போனேன். ஏழுமலை படியில் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை, தோள், மீசை எல்லாம் முடித்தூள். வலி எப்படி இருக்கிறது என்று என் தொழில் வழக்கப்படி கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைப்பதற்கும் நான் முயலவில்லை.

"ஆங்... வலி அப்பிடியேதான் கீது சார். எடமும் அப்பிடியே கீது."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் குணமாக்கின மூட்டு ஒன்றுகூடக் கிடையாது, 'வலிக்கிறது, இன்றைக்கு வேலைக்கு வரவில்லை' என்று சொல்ல நல்ல சாக்கு வைத்திருந்த பல பேருடைய சாக்கைத்தான் கெடுத்திருக்கிறேன்.